படகுக்கு வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏன் ஏறுகிறது? பந்தயப் பாய்மரப் படகுக் காப்பீடு: ஓர் எளிய விளக்கம்

தரங்கம்பாடியில் ஃபைபர் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்யும் நண்பர் ஒருவரின் மகள், சென்னையில் தங்கிப் படித்துக்கொண்டே பாய்மரப் படகுப் பந்தயத்துக்குப் பயிற்சி பெறுகிறாள். அவளுக்காகக் கடன் பட்டு வாங்கிய சிறிய பந்தயப் படகின் காப்பீட்டைப் புதுப்பிக்கும் கடிதம் சென்ற செப்டம்பரில் வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு அவர் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணே, மூணு வருஷமா ஒரு ரூபாகூட கிளெய்ம் வாங்கல. படகுக்கு வயசு ஏறுது, விலை இறங்குது. பிரீமியம் மட்டும் எப்படிண்ணே ஏறும்?" என்று கேட்டார். படகுக் காப்பீட்டுக் கோப்புகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், அவருக்கு ஒரு மாலை முழுவதும் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கேள்வி நியாயமானது, பதிலோ ஒரே வரியில் அடங்குவதன்று.

முதலில் படகைப் பற்றி. டிங்கி என்று அழைக்கப்படும் பந்தயப் படகு, ஒருவரோ இருவரோ ஏறி, காற்றை மட்டும் நம்பி ஓட்டும் சிறிய பாய்மரப் படகாகும். 15 வயது வரையிலான சிறுவர் சிறுமியர் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகு 2.3 மீட்டர் நீளமும் சுமார் 35 கிலோ எடையும் கொண்டது. இரண்டு பேர் தூக்கிக் கரையில் வைத்துவிடலாம். முன்பு லேசர் என்று அறியப்பட்டு இப்போது இல்கா என்ற பெயரில் வழங்கும் படகின் நீளம் 4.23 மீட்டர், அதன் உடல் மட்டும் 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டைச் சேர்ந்த நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் ஓட்டியவை இந்த வகைப் படகுகளே. பெரிய பாய்மரக் கப்பல்களின் அடியில் இருப்பதைப் போன்ற கனத்த ஈய எடை இவற்றில் கிடையாது. ஓட்டுபவர் தம் உடலை வெளியே சாய்த்துத்தான் படகை நிமிர்த்திப் பிடிக்கிறார். எனவே கவிழ்வது இவ்விளையாட்டில் விபத்து ஆகாது, அன்றாட நிகழ்ச்சி. கட்டுமரத்தில் சென்று அலையில் புரண்டு மீண்டும் ஏறிப் பழகிய குடும்பத்தில் பிறந்த என் நண்பருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் காப்பீடு வழங்குபவரின் கண்ணுக்கு, அடிக்கடி கவிழும் பொருள் என்பது அடிக்கடி பணம் கேட்கக்கூடிய பொருள்.

இனிப் பிரீமியம் என்பது என்ன என்று பார்ப்போம். பலர் அதைச் சேமிப்புபோல எண்ணுகிறார்கள்: மூன்றாண்டுகள் கட்டினேன், எதுவும் எடுக்கவில்லை, ஆகவே என் கணக்கில் பணம் இருக்கிறது என்று. அப்படி ஒரு கணக்கு இல்லை. காப்பீடு ஒரு பொது நெற்குதிர். ஊரார் எல்லோரும் ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் போட்டு வைக்க, அந்த ஆண்டில் எவர் வீட்டுக் களம் மழையில் போயிற்றோ அவர் அள்ளிக்கொள்கிறார். உங்களுக்கு எதுவும் நேராத ஆண்டில் நீங்கள் போட்ட நெல் வேறு எவருடைய படகின் உடைந்த பாய்மரமாகவோ கிழிந்த பாயாகவோ மாறியிருக்கும். அடுத்த ஆண்டு ஒவ்வொருவரும் எவ்வளவு போட வேண்டும் என்பதை உங்கள் ஒரு படகின் வரலாறு தீர்மானிப்பதில்லை. குதிரிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளியே போகும் என்ற மதிப்பீடே தீர்மானிக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் இயல்பாகவே எழுகிறது. அதற்குக் காரணம் பயிர்க் காப்பீடு. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டுமே. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வடியாமல் நிற்கும் வயல்களுக்கான உண்மையான கட்டணம் அதைப் போலப் பல மடங்கு. அந்த வேறுபாட்டை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஆகவே உண்மை விலை எவ்வளவு ஏறினாலும் விவசாயியின் ரசீதில் அது தெரிவதில்லை. பந்தயப் படகுக்கு அப்படிப்பட்ட மானியமும் இல்லை, அரசு விதித்த நிலையான கட்டண அட்டவணையும் இல்லை. ஏற்றம் முழுவதும், வரி உட்பட, உரிமையாளரின் கைக்கே வருகிறது. அந்த வரியும் 2017 ஜூலைக்கு முன் 15 சதவீதமாக இருந்து, ஜிஎஸ்டி வந்தபின் 18 சதவீதம் ஆயிற்று.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு குதிரில் 100 படகுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மதிப்பும் 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 10 படகுகளுக்குத் தலா 30,000 ரூபாய்ச் சேதம், ஒரு படகு முற்றிலும் நாசம் என்றால் மொத்த இழப்பு 7 லட்சம்; ஆளுக்கு 7,000 ரூபாய். நிறுவனத்தின் நிர்வாகச் செலவு, முகவர் கழிவு, இலாபம் ஆகியவற்றுக்கு வாங்கும் கட்டணத்தில் 30 சதவீதம் ஒதுக்கினால் பிரீமியம் 10,000 ஆகிறது, வரியோடு 11,800. இப்போது விபத்துகளின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லாமல், பழுது பார்க்கும் செலவு மட்டும் 30,000இலிருந்து 60,000 ஆக உயர்கிறது என்று கொள்ளுங்கள். மொத்த இழப்பு 10 லட்சம். அதே முறையில் கணக்கிட்டால் பிரீமியம் ஏறத்தாழ 14,290, வரியோடு 16,860 வரை வந்து நிற்கும். ஒருவர்கூடக் கூடுதலாக விபத்தில் சிக்கவில்லை. படகுகளின் விலையும் ஏறவில்லை. ஆயினும் எல்லோருடைய கடிதத்திலும் தொகை 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. நண்பரின் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: படகு பழையதாவதால் அதன் சந்தை விலை இறங்கலாம், ஆனால் உடைந்தால் மாற்ற வேண்டிய பாகம் இன்றைய விலையில்தான் வாங்கப்படுகிறது.

அந்தப் பாகங்கள் ஏன் இவ்வளவு விலை? நாகப்பட்டினத்திலோ காரைக்காலிலோ ஒரு ஃபைபர் படகின் அடியில் விரிசல் விட்டால், துறையிலேயே இருக்கும் பட்டறைக்காரர் கண்ணாடியிழை விரிப்பையும் ரெசின் பசையையும் வைத்து ஒட்டி, தேய்த்து, காயவைத்து, ஓரிரு நாளில் கடலுக்கு அனுப்பிவிடுவார். ஒட்டுப்போட்ட இடம் சற்றுத் தடித்திருந்தாலும் மீன் பிடிப்பதற்கு அது தடையில்லை. பந்தயப் படகில் இதைச் செய்ய முடியாது. எல்லோரும் ஒரே மாதிரியான படகில் போட்டியிட வேண்டும், வெற்றி ஓட்டுபவரின் திறமையால் வர வேண்டும் என்பதற்காக, வகுப்பு எனப்படும் இந்தப் படகு வகைகளில் வடிவம், எடை, பாயின் அளவு எல்லாம் விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. இல்கா போன்ற வகுப்பில் பாய், பாய்மரம், சுக்கான் முதலியவை அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்து மட்டுமே வர வேண்டும். விளையாட்டின் நேர்மைக்கு இது மிக நல்ல விதி என்பதே என் கருத்து. ஆனால் அதே விதி, உள்ளூர்ப் பட்டறையை விலக்கி, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பாகத்துக்கு உரிமையாளரைக் கட்டிப்போட்டுவிடுகிறது. 2014இல் சுமார் 61 ரூபாயாக இருந்த ஒரு டாலர் 2024 இறுதியில் 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. பாகத்தின் வெளிநாட்டு விலை ஒரு காசு ஏறாமல் இருந்திருந்தாலும் நமக்கு அது 40 சதவீதம் கூடியிருக்கும். இதன்மேல் கப்பல் கட்டணம், சுங்க வரி. அலுமினியக் குழாயாக இருந்த பாய்மரங்கள் பல வகுப்புகளில் கார்பன் இழைக்கு மாறியிருப்பது இன்னொரு காரணம்: அலுமினியம் வளையும், சில சமயம் நிமிர்த்தவும் இயலும், கார்பன் மரம் இலேசானது, வலுவானது, ஆனால் உடைந்தால் பெரும்பாலும் புதிதுதான்.

பந்தயம் என்ற சொல்லே காப்பீட்டில் தனி எடை உடையது. உலாவுவதற்குச் செல்லும் படகு மற்றப் படகுகளிலிருந்து விலகிச் செல்லும். பந்தயப் படகோ, கொடி இறங்கும் கணத்தில் ஒரே கோட்டின்மேல் இருபது முப்பது படகுகளோடு தோளுரசி நிற்கும், பின்னர் எல்லோரும் ஒரே மிதவையைச் சுற்றித் திரும்புவார்கள். இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு, வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும் என்ற அடிப்படை விதி இருந்தும், கணிப்பு ஒரு நொடி தவறினால் மோதல்தான். இதனால்தான், லண்டன் காப்பீட்டுச் சந்தையில் 1985இல் வகுக்கப்பட்டு இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படும் உல்லாசப் படகுக் காப்பீட்டு விதித்தொகுப்பு, பந்தயத்தின்போது பாய்க்கும் மரத்துக்கும் கயிறுகளுக்கும் ஏற்படும் சேதத்தைப் பொதுவாக விலக்கி வைக்கிறது. படகு தரைதட்டினாலோ, மூழ்கினாலோ, தீப்பிடித்தாலோ, எதன்மீதாவது மோதினாலோ மட்டும் அது பொறுப்பேற்கும். வெறும் காற்றழுத்தத்தில் மரம் முறிந்தால் அது அந்த வரம்புக்குள் வராது. அதையும் சேர்க்க வேண்டுமானால் பந்தய இடர் நீட்டிப்பு என்று தனியாகக் கட்டணம் செலுத்தி வாங்க வேண்டும். பிரீமியத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, முதலில் காணாமல் போவது பெரும்பாலும் இந்த நீட்டிப்புதான். பந்தயத்துக்கென்றே வாங்கிய படகில் இதை விட்டுவிடுவது, அறுவடை நாளில் மட்டும் செல்லாத பயிர்க் காப்பீட்டை எடுப்பதற்கு ஒப்பாகும்.

இதுவரை சொன்னவை ஒரு படகு, ஒரு விபத்து என்ற அளவில் நிகழ்பவை. குதிர் முழுவதையும் காலி செய்வது வேறொன்று. அதை இந்தக் கடற்கரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான காற்றில் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. துறையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஓராண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிகழும் சேதத்தைக் குதிர் தாங்கும். ஒரே இரவில் எல்லோருக்கும் நிகழும் சேதத்தைத் தாங்காது. பந்தயப் படகு கடலில் இருக்கும் நேரம் வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் கிளப்பின் முற்றத்தில், மற்றப் படகுகளோடு நெருக்கமாக வரிசையில் நிற்கிறது. 60 கிலோ எடையுள்ள பொருளைப் புயற்காற்று முறம்போலத் தூக்கி எறியும். பாய்மரம் நிமிர்ந்து நின்றால் இன்னும் எளிது. ஆகவே பந்தயப் படகுகளின் பேரிழப்பு கடலில் நேர்வதைவிடக் கரையில் நேர வாய்ப்புண்டு, அதுவும் ஒரே நாளில், ஒரே இடத்தில்.

இத்தகைய நாளுக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் தாமும் காப்பீடு எடுத்துக்கொள்கின்றன. அதற்கு மறுகாப்பீடு என்று பெயர். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. வீட்டுக் குதிர்களை முதல்நிலைக் காப்பீடு என்று கொண்டால், மறுகாப்பீடு அந்தப் பெருங்களஞ்சியத்தைப் போன்றது. வேறுபாடு ஒன்று உண்டு: இந்தக் களஞ்சியத்தில் உலகம் முழுவதும் நெல் போடுகிறது, உலகம் முழுவதும் அள்ளுகிறது. 2012இல் அமெரிக்கக் கிழக்குக் கரையைத் தாக்கிய சாண்டி புயலில் 65,000க்கும் மேற்பட்ட பொழுதுபோக்குப் படகுகள் சேதமடைந்ததாக அந்நாட்டுப் படகு உரிமையாளர் அமைப்பு மதிப்பிட்டது. 2017இல் ஹார்வி, இர்மா, மரியா என்று மூன்று பெரும் புயல்கள் அடுத்தடுத்து வந்தன. அதற்கு மறு ஆண்டு, லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை தன்னிடம் நடக்கும் வணிகத்தில் நட்டம் தரும் பிரிவுகளை ஆராய்ந்தபோது, உல்லாசப் படகுக் காப்பீடும் அந்தப் பட்டியலில் இருந்தது. சிலர் அந்த வணிகத்தையே கைவிட்டார்கள், எஞ்சியவர்கள் விலையை உயர்த்தினார்கள். 2022 செப்டம்பரில் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயான் புயல் 5,000 கோடி டாலர் அளவில் காப்பீட்டு இழப்பை உண்டாக்க, 2023 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்ட மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. இந்திய நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்கப்படுகின்றன. அந்த ஏற்றம் நிறுவனத்தின் செலவாகி, பின்னர் பிரீமியத்தில் ஒரு பகுதியாகி, செப்டம்பரில் தரங்கம்பாடிக்குக் கடிதமாக வந்து சேர்கிறது. ஃபுளோரிடாவில் வீசிய காற்றுக்குத் தரங்கம்பாடிக்காரர் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று நண்பர் கோபப்பட்டார். கஜாவைப் போன்றதொரு புயல் மீண்டும் வந்தால் ஃபுளோரிடாக்காரர் போட்ட நெல்லும் அதே களஞ்சியத்தில் நமக்காக இருக்கும் என்றேன்.

இந்தியாவில் பந்தயப் படகுகள் மிகக் குறைவு என்பதும் விலையை ஏற்றும். இருசக்கர வாகனங்களைப்போலக் கோடிக்கணக்கில் இருந்தால் சராசரி நிலையாக இருக்கும். சில நூறு படகுகளே உள்ள குதிரில் இரண்டு மூன்று பெரிய இழப்புகள் அந்த ஆண்டுக் கணக்கைப் புரட்டிவிடும்.

மூன்றாம் நபர் பொறுப்பைப் பற்றி ஒரு சொல். நம் படகு மற்றவர் படகையோ உடலையோ சேதப்படுத்தினால் நாம் தர வேண்டிய தொகையை இது ஏற்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு இந்தக் காப்பு இருந்தால்தான் பதிவு செய்வோம் என்று பந்தய அறிவிப்புகள் பலவற்றில் நிபந்தனை இருக்கும், குறிப்பாக வெளிநாட்டுப் போட்டிகளில். மொத்தப் பிரீமியத்தில் இதன் பங்கு பொதுவாகச் சிறியது. பயன் மிகப் பெரியது. படகின் விலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. காயம்பட்ட மனிதருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. செலவைக் குறைக்க எதை வெட்டினாலும் இதை மட்டும் வெட்டாதீர்கள் என்று நண்பரிடம் இருமுறை சொன்னேன்.

அப்படியானால் உரிமையாளரின் கையில் எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் முதலில் தோன்றும் வழி தவறான வழி. பிரீமியம் ஏறினால் படகின் மதிப்பைக் குறைத்துக் காட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 4 லட்சம் மதிப்புள்ள படகை 2 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தால், மீதிப் பாதிக்கு நீங்களே உங்கள் காப்பீட்டாளர் என்று பல பாலிசிகள் கொள்கின்றன. 60,000 ரூபாய்ச் சேதத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 30,000. அதிலும் நீங்கள் முதலில் ஏற்க ஒப்புக்கொண்ட தொகை கழியும். பந்தயத்துக்குப் போவதை மறைப்பது இதைவிடக் கேடானது. 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் இரு தரப்புக்கும் முழுமையான நேர்மையைக் கடமையாக்குகிறது; முக்கியமான உண்மையை மறைத்திருந்தால் நிறுவனம் ஒப்பந்தத்தையே விலக்கிக்கொள்ளலாம். வெயிலில் நைந்த பாய், உப்பில் அரித்த திருகாணி போன்ற இயல்பான தேய்மானத்தையும் அச்சட்டம் காப்புக்குள் சேர்ப்பதில்லை. எனவே பராமரிப்பைக் காப்பீட்டின் தலையில் ஏற்ற முடியாது.

சரியான வழி, ஒவ்வொரு சேதத்திலும் நாமே முதலில் ஏற்கும் தொகையை, எக்ஸஸ் என்று பாலிசியில் இருப்பதை, உயர்த்திக்கொள்வது. சிறு கீறல்களுக்கும் கயிறு அறுந்ததற்கும் கிளெய்ம் போடாமல், தாங்க முடியாத இழப்புக்கு மட்டும் காப்பீட்டை நாடுவது என்று முடிவு செய்தால் பிரீமியம் கணிசமாகக் குறைய வாய்ப்புண்டு. மேலே போட்ட கணக்கில் பிரீமியத்தை ஏற்றியவை பத்துச் சிறு சேதங்களே என்பதை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும். இரண்டாவது, கிளப்பில் உள்ளவர்கள் சேர்ந்து கூட்டாகப் பாலிசி கேட்பது. தனித்தனியாக வரும் ஒரு படகைவிட, ஒழுங்காகப் பூட்டிக் காக்கப்படும் முப்பது படகுகளை ஏற்க நிறுவனம் விரும்பும். மூன்றாவது, படகு எங்கே, எப்படி நிற்கிறது என்பது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடையும் கொண்டலும் வீசும் காலத்தில் மரத்தைக் கழற்றி, பாயைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்து, படகின் உடலைத் தரையில் அடித்த முளைகளோடு பெல்ட்டால் கட்டிவைப்பது, புயலுக்கு முன் கட்டுமரத்தை மேட்டுக்கு இழுத்துப் போடும் நம் பழக்கத்திலிருந்து வேறல்ல. அதை எழுத்திலும் படத்திலும் நிறுவனத்துக்குக் காட்டினால் பேரம் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

அன்று மாலை நாங்கள் கடிதத்தை வரிவரியாகப் படித்தோம். சென்ற ஆண்டைவிடக் கூடிய தொகையில் ஒரு பகுதி, படகின் காப்பீட்டு மதிப்பை இன்றைய இறக்குமதி விலைக்கு நிறுவனம் உயர்த்தியிருந்ததால் வந்தது. இன்னொரு பகுதி அடிப்படை விகிதமே ஏறியதால் வந்தது. மதிப்பை அப்படியே விட்டுவிட்டோம். பந்தய நீட்டிப்பும் மூன்றாம் நபர் பொறுப்பும் அப்படியே இருந்தன. எக்ஸஸ் தொகையை மட்டும் இரட்டிப்பாக்கினால் எவ்வளவு குறையும் என்று கேட்டு எழுதினோம். நண்பர் அங்கிருந்தே மகளை அழைத்து மரத்தை எப்போது இறக்குவாய் என்று கேட்டார். அக்டோபர் முதல் வாரத்தில் அவள் படம் அனுப்பினாள்: கொட்டகைச் சுவரோரம் கிடத்திய மரம், கவிழ்த்து வைத்த படகு, அதன் குறுக்கே இறுக்கிக் கட்டிய இரண்டு பெல்ட்டுகள். அந்தப் படத்தையும் இணைத்துத்தான் விண்ணப்பத்தை அனுப்பினோம்.